மரபு பேணுவாரும் மாற்றம் நாடுவாரும்

ஒரே இல்லத்தில் பிறந்து, ஒரே பள்ளியில் பயின்ற உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் உள்ளதைக் காக்க வேண்டும் என்பார். மற்றவர் உள்ளதை மாற்ற வேண்டும் என்பார். இவ்வேறுபாடு அறிவால் வருவதா, தன்னலத்தால் வருவதா, பிறவி இயல்பால் வருவதா? இவ்வினா மேலைநாட்டு அறிஞரை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது. அவர்கள் கண்ட விடைகளைக் காட்டிலும், அவ்விடைகளைத் தேடிச் சென்ற வரலாறே நமக்குப் பெரிய பாடமாக அமைகின்றது.

முதற்கண் சொற்களைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். ஒரு சாராரைத் தாராளவாதிகள் என்றும், மறு சாராரைப் பழமைவாதிகள் என்றும் நாம் வழங்குகிறோம். முன்னதில் புகழ்ச்சியும் பின்னதில் இகழ்ச்சியும் ஒலிக்கின்றன. ஆய்வு தொடங்குமுன்னரே தீர்ப்பு எழுதிவிடும் சொற்கள் இவை. ஆதலின் இக்கட்டுரையில் மாற்றம் நாடுவார், மரபு பேணுவார் என்றே குறிப்போம்.

இருக்கை தந்த பெயர்

1789ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் தேசிய மன்றம் புதிய அரசமைப்பை ஆராய்ந்தது. மன்றம் இயற்றும் சட்டத்தைத் தடுக்கும் உரிமை மன்னனுக்கு உண்டா என்பது குறித்துக் கடும் சொற்போர் எழுந்தது. உண்டு என்றோர் தலைவரின் வலப்பக்கத்திலும், இல்லை என்றோர் இடப்பக்கத்திலும் அமர்ந்தனர். வலதுசாரி, இடதுசாரி என்று இன்று உலகமெங்கும் வழங்கும் பெயர்கள் அவ்விருக்கைகளிலிருந்து பிறந்தவையே. அவை தோன்றியபோது மனத்தின் அமைப்பைக் குறிக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட வினாவுக்கு ஒருவர் தந்த விடையையே குறித்தன.

பர்க்கும் பெய்னும்

அப்புரட்சியைக் கண்டித்து 1790இல் நூல் எழுதினார் எட்மண்ட் பர்க். சமுதாயம் என்பது மாண்டோர், வாழ்வோர், இனிப் பிறப்போர் ஆகிய மூவரையும் பிணைக்கும் உறவு என்பது அவர் கருத்து. மாண்ட தலைமுறை, வாழும் தலைமுறையைக் கட்டுப்படுத்த உரிமையற்றது என்று 1791இல் மறுப்பு நூல் எழுதினார் தாமஸ் பெய்ன். இவ்விருவரையும் இரு சாராரின் மூலவராகக் கொள்வது வழக்கம்.

எனினும், இவர்தம் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்குவோர் வியப்படைவர். மரபின் காவலர் எனப்படும் பர்க், 1775இல் அமெரிக்கக் குடியேற்ற மக்களுடன் இணக்கம் காணுமாறு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாதாடினார். இந்தியாவில் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று வாரன் ஹேஸ்டிங்சைக் குற்றவிசாரணைக்கு உட்படுத்தினார். புரட்சியாளராகிய பெய்னோ, 1793ஆம் ஆண்டு சனவரியில் பிரெஞ்சு மன்றத்தில் மன்னனின் உயிருக்காகப் பரிந்து பேசினார். அவ்வாண்டின் இறுதியில் புரட்சி அரசே அவரைச் சிறையிலிட்டது. ஒருவர் அச்சத்தினால் பழமையைப் பற்றினார், மற்றவர் ஆவேசத்தினால் புதுமையை நாடினார் என்று சொல்லி இவ்விருவரையும் அடக்கிவிட இயலாது.

உளவியல் புகுந்த கதை

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா உளவியலாரின் கைக்கு வந்தது. இட்லரின் கொடுமையினின்று தப்பி அமெரிக்கா சென்ற தியோடர் அடோர்னோ, எல்சு பிரெங்கல் பிரன்சுவிக் ஆகியோரும், அமெரிக்க அறிஞர் இருவரும் இணைந்து 1950இல் ஒரு பெருநூலை வெளியிட்டனர். அதிகாரத்துக்குப் பணிந்து, தம்மினும் எளியோரை வெறுக்கும் மனப்பாங்கு குழந்தைப் பருவத்துக் கடுமையான வளர்ப்பில் வேர்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. இலட்சக்கணக்கானோரின் படுகொலை எவ்வாறு இயன்றது என்ற துயரமே அவ்வாய்வைத் தூண்டியது. அதன் நோக்கம் உயர்ந்தது. முறையிலோ குறை இருந்தது. வினாத்தாளின் கூற்றுகளுக்கு 'ஆம்' என்றாலே அம்மனப்பாங்கு உடையவர் எனக் கணக்கிடப்பட்டது. எதற்கும் 'ஆம்' என்று தலையசைப்போரும் அக்கணக்கில் சேர்ந்தனர். அத்துடன், இடதுசாரியினரிடத்தும் இதே இறுக்கம் இருத்தல் கூடும் என்பதை அந்நூல் போதிய அளவு கருதவில்லை என எட்வர்ட் சில்சு 1954இல் சுட்டிக்காட்டினார்.

பின்னர் ஜான் ஜோஸ்ட் முதலிய நால்வர், 12 நாடுகளில் நடந்த ஆய்வுகளின் 88 மாதிரிகளைத் தொகுத்து 2003இல் கட்டுரை வெளியிட்டனர். ஒழுங்கையும் உறுதியையும் விரும்புதல் மரபு பேணுவாரிடத்தும், புதிய அனுபவங்களை வரவேற்றல் மாற்றம் நாடுவாரிடத்தும் சற்று மிகுந்து காணப்படுவதாக அவர்கள் கூறினர். இது சராசரியைப் பற்றிய கூற்று என்பதை மாணவர் மறத்தலாகாது. இரு சாராரும் பெரும்பகுதி ஒத்தே இருப்பர். ஒருவரின் கொள்கையைக் கொண்டு அவர்தம் உள்ளத்தை அளந்துவிட முடியாது.

மற்றோர் ஆய்வின் கதை மேலும் எச்சரிக்கை தருவது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 46 பேருக்கு அச்சமூட்டும் படங்களைக் காட்டியும் திடீர் ஒலியைக் கேட்பித்தும் அவர்தம் உடலின் துலக்கத்தை அளந்தனர். மரபு சார்ந்த கொள்கையுடையோர் மிகுதியாக அதிர்ந்தனர் என்னும் முடிவு 2008இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. ஆனால் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் கூடுதலானோரைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தவர்கள், அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை என 2020இல் அறிவித்தனர். 'எதிரி அச்சத்தால் ஆட்டுவிக்கப்படுகிறான்' என்ற செய்தி, கேட்போர் பலருக்கு இனிமையாக இருந்தது. செவிக்கு இனிய செய்தியையே இருமுறை சோதித்தல் வேண்டும்.

சோவியத் நாடு தந்த சான்று

இவ்வரலாற்றில் மிகத் தெளிவான சான்று சோவியத் நாட்டிலிருந்து கிடைத்தது. அந்நாட்டின் இறுதி ஆண்டுகளில் நடந்து 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் வலதுசாரிக் கொள்கையோடு சேர்ந்து காணப்பட்ட அதிகாரப் பணிவு, அங்கே பொதுவுடைமை ஆட்சியை ஆதரிப்போரிடத்துக் காணப்பட்டதைக் காட்டியது. கோர்பசேவின் சீர்திருத்தங்களை எதிர்த்த பொதுவுடைமையாளரையே அக்காலச் செய்தித்தாள்கள் பழமைவாதிகள் என எழுதின. நிலைபெற்ற ஒழுங்கை நாடும் உள்ளம், அவ்வந்நாட்டில் எந்த ஒழுங்கு நிலைபெற்றுள்ளதோ அதனைப் பற்றிக்கொள்கின்றது. இயல்பு மனிதனைப் பற்றிக்கொள்ளத் தூண்டலாம்; எதைப் பற்றுவது என்பதை அவன் பிறந்த நாடும் காலமுமே பெரிதும் வகுக்கின்றன.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, இரு சாராரையும் எதிர்த்தரப்பார்போலத் தம்மைக் கருதி விடையளிக்குமாறு கேட்டது. இரு சாராருமே வேறுபாட்டை உள்ளதைவிட மிகைப்படுத்தினர். மாற்றம் நாடுவாரே மிகுதியும் பிழைபட்டனர். திறந்த மனம் உடையோம் என்று எண்ணுவதனால் மட்டும் பிறர் மனம் நமக்குத் திறந்துவிடுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

உளவியல் அறிவு நமக்குத் தேவையே. ஆனால் ஒருவர் கூறும் காரணத்துக்கு விடையிறுக்காமல், அவர் அவ்வாறு கூறுவதற்கான மனக்குறையைத் தேடுதல் வாதத்தினின்று நழுவும் வழியாகும். மன்னனின் தடுப்புரிமை நன்றா தீதா என்பதை எந்த மனச்சோதனையும் தீர்த்திராது; சொற்போரே தீர்க்க வேண்டியிருந்தது. நம் வகுப்பறைகளில் பட்டிமன்றம் நடத்தும்போது, மாணவர் ஒவ்வொருவரும் தாம் மறுக்கும் கட்சியின் வாதத்தை, அக்கட்சியினரே ஒப்புக்கொள்ளும் வண்ணம் முதலில் எடுத்துரைக்கட்டும். அதன் பின்னரே மறுக்கட்டும். பர்க்கையும் பெய்னையும் ஒருசேரக் கற்பிக்கும் ஆசிரியர் இப்பயிற்சியை எளிதில் தொடங்கலாம்.