39-ஆ, 13-ஆ? வட ஆற்காட்டின் ஒரு பழைய கணக்கு



பி.காம் கடைசி வருஷம் வந்தாலே "அடுத்து என்ன?" என்ற கேள்விதான். இப்போது பலர் சொல்லும் பதில், பயன்பாட்டுப் பொருளாதாரத்தில் எம்.ஏ., கூடவே டேட்டா அனாலிசிஸ். ஏதோ நேற்று வந்த படிப்பு மாதிரி பேசுகிறோம். இதற்கு நம்ம பக்கத்திலேயே நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது.

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, கிராமங்களுக்குப் போய் நிலம், கடன், பயிர், கூலி எல்லாவற்றையும் எழுதி வரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. அதில் உள்ள தூசி கிராமம் இன்று நம்ம திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதே கிராமங்கள் சிலவற்றை 1936-37-ல் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் மறுபடி ஆய்வு செய்தார்கள். 1980-களில் எஸ்.குகன் போன்றவர்கள் மீண்டும் போனார்கள்.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த கதைக்கு வருகிறேன். 1970-களின் தொடக்கம், பசுமைப் புரட்சி காலம். அப்போது ஜவ்வாது மலையும் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் (1989-ல்தான் மாவட்டம் பிரிந்தது). மாவட்டத்தின் நெல் பரப்பில் 39 சதவீதம் புதிய உயர்விளைச்சல் ரகம் என்றது அரசுக் கணக்கு. கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து கிராமங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகக் கேட்டார்கள். கிடைத்தது 13 சதவீதம்! மூன்றில் ஒரு பங்கு. இதை எழுதியவர் நஞ்சம்மா சின்னப்பா என்ற புள்ளியியலாளர். 1977-ல் பி.எச்.ஃபார்மர் தொகுத்த புத்தகத்தில் இருக்கிறது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? மேலிருந்து இலக்கு கொடுத்து, எட்டியாச்சா என்று அதே ஊழியரிடமே கேட்டால் எந்த எண் வரும்? ஆடிட்டிங் படித்த நமக்கு இது தெரியாதா என்ன :) கம்ப்யூட்டரில் எவ்வளவு பெரிய ஃபார்முலா போட்டாலும் அந்த 39 தானாக 13 ஆகாது. யாராவது வயலுக்குப் போகணும்.

பத்து வருஷம் கழித்து, 1982-83-ல், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இன்னொரு குழு வந்தது. அந்த வருஷம் பார்த்து வறட்சி. வறட்சி வருஷத்தை மட்டும் வைத்து முடிவு சொன்னால் பசுமைப் புரட்சி தோற்றுவிட்டது என்றுதான் தோன்றும். அதனால் 1983-84-லும் கணக்கெடுத்தார்கள். சிறு விவசாயிகளுக்கும் கூலியாட்களுக்கும்கூட வருமானம் கூடியிருந்தது என்பது அவர்கள் முடிவு. இந்த இரண்டாவது முறை போனதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பரீட்சைக்கு இதெல்லாம் வராது!

ஒரு குறை. இந்த இரண்டு ஆய்வுகளும் நெல்லைப் பற்றியவை. மலைமேல் விளைவது சாமை. ஜமுனாமரத்தூர் பக்கம் இருந்து எம்.ஏ. படிக்கப் போகிறவர்களுக்கு ப்ராஜெக்ட் தலைப்பு இங்கேயே கிடக்கிறது: ஒரு கிராமம், சாமை எத்தனை ஏக்கர், யாருக்கு என்ன விலைக்குப் போகிறது, வேலைக்கு வெளியூர் போனவர்கள் எத்தனை பேர். யாராவது எடுத்தால் கேள்வித்தாள் தயாரிக்க நானும் வருகிறேன்.