கண்வலிக்கிழங்கின் கதை

மதுரையிலிருந்து அழகர் மலைக்குச் செல்லும் வழியில், ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த நாட்களில், வேலிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கிளுவைக்கும் கள்ளிக்கும் நடுவே தீக்கொழுந்து போன்ற ஒரு பூ கண்ணில் படும். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக ஆறு இதழ்கள் மேல்நோக்கி நெளிந்து நிற்கும். அதுவே செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் மலர்களை அடுக்கிச் சொல்லும் கபிலர் முதலில் வைத்த மலர் அது. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. ஆயினும் எங்கள் பக்கத்தில் அப்பெயரை யாரும் வழங்குவதில்லை. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்பர். கிழங்கு கலப்பையைப் போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்பர். உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று நம்பிக் கண்வலிப்பூ என்றும் சொல்வர். என் பாட்டி அதைத் தொடவும் விட்டதில்லை. கண் வலிக்குமா என்று சிறுவயதில் நான் நெடுநேரம் பார்த்துச் சோதித்ததுண்டு, வலிக்கவில்லை. பாட்டியின் அச்சம் பொய்யன்று, இடம்தான் மாறியிருந்தது. நஞ்சு பூவைப் பார்ப்பதில் இல்லை. கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது.

அந்த நஞ்சுக்குக் கோல்ச்சிசின் என்று பெயர். கருங்கடலின் கீழ்க்கரையில் இருந்த கொல்கிஸ் என்னும் பழைய நாட்டின் பெயரைத் தாங்கிய செடியொன்று ஐரோப்பாவில் உண்டு. அதன் கிழங்கைக் கீல்வாதத்துக்கு மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் கி.பி. ஆறாம் நூற்றாண்டு மருத்துவ நூல்களிலேயே காணப்படுகிறது. 1820-இல் பாரிசில் பெல்லத்தியே, கவாந்து என்னும் இருவர் அக்கிழங்கின் சத்தைப் பிரித்தெடுத்தனர். 1833-இல் கெய்கர் என்னும் ஜெர்மானியர் அதற்குக் கோல்ச்சிசின் என்று பெயரிட்டார். அதே பொருள் நம் காந்தளிலும் உண்டென்று 1915-இல் கண்டனர். நம் முன்னோர் வேதியியல் அறியாதவர். எனினும் ஆயுர்வேத நூலோர் இக்கிழங்கை உபவிஷங்களுள் ஒன்றாக வைத்து, சுத்தி செய்யாமல் வழங்கலாகாது என்று விதித்திருந்தனர்.

இது உடலில் என்ன செய்கிறது? உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதனுள் நுண்ணிய இழைகள் தோன்றி, மரபுப் பொருளை இருபுறமும் இழுத்துச் செல்லும். கோல்ச்சிசின் அவ்விழைகள் உருவாகாமல் தடுத்துவிடுகிறது. ஆகவே எந்த உறுப்பில் அணுக்கள் விரைந்து பெருகுமோ, அங்கே முதல் அடி விழுகிறது. குடலின் உட்சுவர் நைந்து, வாந்தியும் பேதியும் சில மணி நேரத்தில் தொடங்கும். இரண்டொரு நாளில் எலும்பு மச்சை தளர்ந்து வெள்ளணுக்கள் குறையும். சிறுநீரகமும் இதயமும் சோரும். பிழைத்தவர்க்கு இரண்டு மூன்று வாரங்களில் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிரும். காந்தள் கிழங்கு நஞ்சால் உடல் முழுவதும் முடி உதிர்ந்த செய்தியைக் குணரத்ன என்னும் இலங்கை மருத்துவர் 1966-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். உண்ணத்தக்க கிழங்கென்று மயங்கி இதைத் தின்று இறந்தவர்கள் நம் நாட்டிலும் அங்கும் உண்டு. இதற்கு எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து இன்றளவும் இல்லை. 1995-இல் பிரான்சில் ஒரு பெண்ணைத் தனிப்பட ஆக்கிய எதிர்ப்பொருள் கொடுத்துக் காப்பாற்றினர். ஆனால் அது மருந்துக்கடைக்கு வரவே இல்லை.

நஞ்சின் கதை இவ்வாறாக, மருந்தின் கதை இன்னும் வியப்பானது. கீல்வாதக்காரருக்குக் கோல்ச்சிசின் கொடுக்கையில் மருத்துவர்கள் நெடுங்காலம் பின்பற்றிய விதி ஒன்றுண்டு: வலி நீங்கும் வரையோ, வயிற்றுப்போக்குத் தொடங்கும் வரையோ மணிக்கொரு தரம் கொடுத்துக்கொண்டே இரு என்பது அது. எண்ணிப் பாருங்கள், நஞ்சேறியதன் முதல் அறிகுறியையே போதுமான அளவுக்கு அடையாளமாகக் கொண்டனர்! அவ்விதியை எவரும் நெடுநாள் சோதிக்கவில்லை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு 4.8 மில்லிகிராமும், மற்றொரு பிரிவினருக்கு 1.8 மில்லிகிராமும் கொடுத்தனர். வலி குறைந்தவர் தொகை இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. வயிற்றுப்போக்கு மட்டும் மிகுந்த அளவு உண்டவருள் நூற்றுக்கு 77 பேருக்கும், குறைந்த அளவு உண்டவருள் 23 பேருக்கும் கண்டது. இத்தனை காலமும் நோயாளிகள் பட்ட துன்பத்தில் பெரும்பகுதி வீணே.

அளவு சரியாக இருந்தாலும் ஆபத்து வேறு வழியில் வரக்கூடும். மேலூரில் இருக்கும் என் தாய்மாமன் கீல்வாதத்துக்காக இம்மாத்திரையை உண்டு வந்தார். சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்தவர். மார்ச்சளி கண்டபோது வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார். பழைய மாத்திரையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நான்காம் நாள் எழுந்து நிற்க முடியாமல் போனார். கோல்ச்சிசினை உடலிலிருந்து வெளியேற்றும் பாதையை அந்தக் கிருமிக்கொல்லி அடைத்துவிடுகிறது. உண்ட அளவு மாறாமலே இரத்தத்தில் அளவு ஏறும். ஹாங்காங்கில் இவ்விரண்டையும் சேர்த்து உண்ட 88 பேருள் 9 பேர் இறந்தனர். ஒன்று முடிந்தபின் மற்றொன்று உண்ட 28 பேருள் இறந்தவர் ஒருவரே. இது 2005-இல் வெளிவந்த கணக்கு. மாமனுக்கு அது தெரியாது. எனக்கும் அன்று தெரியாது.

இவ்வளவும் தெரிந்தபின் இச்செடியை வெறுப்பதா? திண்டுக்கல்லுக்கு அப்பால் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் போனால் ஏக்கர் கணக்கில் கண்வலிக்கிழங்கு பயிரிட்டிருப்பதைக் காணலாம். முள்ளுக்கிளுவையில் கொடி படர்ந்திருக்கும். காலை வேளையில் பெண்கள் பூப்பூவாக மகரந்தம் தொட்டு வைப்பார்கள். விதை மருந்துக்காக வெளிநாடு செல்கிறது. இதய நோய்க்கு மிகச் சிறிய அளவில் இதனை வழங்க 2023-இல் அமெரிக்கா இசைவளித்தது. மாரடைப்பு வந்தவுடனே கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்று, பயன் காணவில்லை என்று 2024-இல் அறிவித்தது. வாதம் இன்னும் முடியவில்லை.

மாமன் பிழைத்தெழுந்தார். மூன்றாம் வாரம் தலை முழுவதும் வழுக்கையாயிற்று. ஆடியில் விழுந்த முடி தைப்பொங்கலுக்கு மீண்டும் முளைத்துவிட்டது. இப்போது எந்த மருத்துவரிடம் போனாலும், இடுப்பு மடியிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து முதலில் மேசைமேல் வைக்கிறார். உண்ணும் மாத்திரைகளின் பெயரெல்லாம் அதில் என் கையெழுத்தில் இருக்கின்றன. கோல்ச்சிசின் என்பதற்கு நேரே, அவரே பென்சிலால் கண்வலிக்கிழங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்.