கடல் கடந்து வந்த மடல்கள்

தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு 1964-ஆம் ஆண்டு நெல்சன் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதித்து, அவரை ராபன் தீவுச் சிறையில் அடைத்தது. தொடக்கத்தில் அங்கிருந்த அரசியல் கைதிகளுக்கு ஆறு திங்களுக்கு ஒரு கடிதமும் ஒரு சந்திப்புமே உரியன. கடிதம் 500 சொற்களைக் கடத்தலாகாது. அதிலும் தணிக்கையாளர் வெட்டியது போக எஞ்சியதே கைக்குக் கிட்டும்.

வெளியிலோ, பொருளீட்டுவோரை இழந்த குடும்பங்கள் வறுமையில் வாடின. இலண்டன் பாதிரியார் ஜான் காலின்சு நிறுவிய பாதுகாப்பு உதவி நிதியம் அவற்றைத் தாங்கியது. 1966-இல் தென்னாப்பிரிக்க அரசு அந்நிதியத்தைத் தடை செய்தது. எனினும் உதவி நிற்கவில்லை. இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் வாழ்ந்த எளிய மக்கள், நண்பருக்கு எழுதுவார்போல் அக்குடும்பங்களுக்கு மடல் எழுதிப் பணம் அனுப்பினர். பணம் புறப்பட்ட இடத்தை அவர்கள் வெளியிட்டாரல்லர். இப்பணி பல்லாண்டுகள் நீடித்தது. 1990-இல் மண்டேலாவும் விடுதலையானார்.

இளைஞர்களே! சிறைப்பட்டோரைத் தாங்குதல் என்பது அவர்தம் வீட்டு அடுப்பு அணையாமலும், பிள்ளைகளின் படிப்பு தடைப்படாமலும் காத்தலே ஆகும். வழக்கில் சிக்கியோரின் வீட்டை ஊரார் ஒதுக்கும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம் அவ்வீட்டுப் பிள்ளைகளின் கையை விடலாகாது.