வீட்டுவழிக் கல்வி: சுதந்திரம் உண்டு, சான்றிதழுக்கு வழி என்ன?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் முறை வீட்டுவழிக் கல்வி எனப்படுகிறது. பாடம், நேரம், வேகம் ஆகியவற்றைக் குடும்பமே முடிவு செய்யும்.

மும்பையைச் சேர்ந்த மாளவிகா ராஜ் ஜோஷி, 7-ஆம் வகுப்புக்குப் பின் பள்ளியிலிருந்து விலகி, தமக்கு விருப்பமான கணினி நிரலாக்கத்தில் ஈடுபட்டார். சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் 3 பதக்கங்கள் வென்றபோதும், 12-ஆம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐஐடியில் சேர இயலவில்லை. சென்னை கணிதவியல் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2016-இல் அமெரிக்காவின் எம்ஐடி உதவித்தொகையுடன் இடமளித்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒலிம்பியாட் பதக்கம் வாய்ப்பதில்லை.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறும் பெற்றோருக்கு அதில் தண்டனை கூறப்படவில்லை. வீட்டுவழிக் கல்வி பற்றியும் குறிப்பில்லை.

சான்றிதழுக்குப் பலரும் நாடுவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை. 14 வயது நிறைந்தோர் அதில் 10-ஆம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம், தமிழிலும் படிக்கலாம். 1976-இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டோர் குடியமர்ந்த, தமிழர் மிகுந்த சீத்தா கேம்ப் போன்ற மும்பைப் பகுதிகளுக்கு இது பயன்படும். எனினும், பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் ஒற்றை அறை வீட்டில், பகலில் உடனிருந்து கற்பிக்க ஒருவர் வேண்டும்.