ஒரே உத்தரவு, வேறு வேறு காற்று

2020 மே, ஜூன் மாதங்களில் சென்னை மாநகராட்சி அன்றாடம் வெளியிட்ட மண்டலவாரிக் கொரோனாப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். பட்டியலின் உச்சியில் இராயபுரம் நிற்கும். கடைசி வரிசைகளில் மணலி. இரண்டும் வடசென்னைதான். இரண்டிலும் ஏப்ரல் முதலே முகக்கவசம் கட்டாயம், அபராதமும் ஒன்றே. மணலிக்காரர்கள் ஒழுங்காக மாஸ்க் போட்டார்கள், இராயபுரத்துக்காரர்களுக்குக் கட்டுப்பாடு போதாது என்று அன்று பேசியவர்கள் உண்டு. வடசென்னை என்றாலே ஒழுங்கின்மை என்று நினைக்கும் பழைய நகரப் புத்திக்கு அது வசதியாகவும் இருந்தது. உண்மையில் இராயபுரம் மண்டலத்துக்குள் ஜார்ஜ் டவுனின் மொத்த வியாபாரத் தெருக்களும் துறைமுகத்தை ஒட்டிய நெரிசலான குடியிருப்புகளும் அடங்கும். மணலியோ ஆலைகளும் காலி நிலமும் இடையிடையே கொஞ்சம் ஊருமாகக் கிடக்கும் மண்டலம், மக்கள்தொகையும் குறைவு. அந்தப் பட்டியல் முகக்கவசத்தைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் அதை எப்படி அளக்கக் கூடாது என்பதைக் காட்டிவிட்டது. முகக்கவசம் காக்குமா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எதிலிருந்து, யாரை, எந்தக் காற்றில் என்று பிரித்துக் கேட்டால் பதில் உண்டு. அந்தப் பதில் ஓரளவு தெளிவாகவும் இருக்கிறது. இப்படிப் பிரித்துப் பார்க்க மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்தின் ஐம்பது அறுபது ஆண்டு வரலாற்றைப் போல உதவும் பாடம் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

இந்தப் பகுதி மூக்கை மூடக் கற்றுக்கொண்டது கொரோனாவால் அல்ல. இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாக 1965-இல் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பை ஆரம்பித்தது. பக்கத்திலேயே மெட்ராஸ் உர ஆலை வந்தது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இலும் வடசென்னை அனல் மின் நிலையம் 1990-களிலும் ஓடத் தொடங்கின. நிலக்கரிக்கென்றே கட்டிய எண்ணூர் துறைமுகம் 2001-இல் திறந்தது. இந்த ஆலைகளுக்கு வடக்கே, கொசஸ்தலை ஆற்றின் வெள்ளம் எட்டும் தாழ்வான நிலத்தில், பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வகுத்த துணைநகரம்தான் மணலி புதுநகர். தெற்கே சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் குவிந்து இறங்கிய காலம் முழுக்க இராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளின் மொட்டை மாடியில் காயும் துணியில் கரி படிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு 2011-இல் அந்தச் சரக்கை நிறுத்திய பிறகு, அதே கரி வடக்கே எண்ணூருக்குப் போனது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்கத் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, மிகக் கடுமையாக மாசடைந்தவற்றின் பட்டியலில் மணலி இருந்தது. கன்டெய்னர் லாரிகளின் புகையிலும் சாம்பல் குட்டைகளின் தூசியிலும் வேலைக்குப் போகிறவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்வது இங்கே யாரும் சட்டம் போட்டுக் கற்பித்த பழக்கமல்ல.

அந்தத் துண்டு எதைத் தடுக்கும்? கண்ணுக்குத் தெரியும் தூசியை ஓரளவு தடுக்கும். மின் நிலையச் சாம்பலின் நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. வாயுவைச் சுத்தமாகத் தடுக்காது. மருத்துவமனை முகக்கவசத்தின் நடு அடுக்கும் என்-95 கவசத்தின் உட்புறமும் சல்லடையைப் போல வேலை செய்வதில்லை. உருக்கி ஊதிய பாலிபுரொப்பிலீன் நூலிழைகளில் நிலைமின்னேற்றம் தங்கியிருக்கும். இழைகளின் இடைவெளியைவிடச் சிறிய துகளைக்கூட அது இழுத்து ஒட்டவைக்கும். அதனால்தான் மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களில் 95 விழுக்காட்டை என்-95 பிடிக்கிறது. நோயாளி பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் துளிகள் பல அளவில் இருப்பவை. பெரியவை சீக்கிரம் கீழே விழும்; நுண்ணியவை அறைக்குள் வெகுநேரம் மிதக்கும். இழை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கன்னத்துக்கும் துணிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும். ஓட்டை விழுந்த கொசுவலையின் துணி எத்தனை நெருக்கமாக நெய்யப்பட்டிருந்தால் என்ன?

தொற்றுநோய்க்கான முகக்கவசத்தை ஊரறியச் செய்தவர் நம் கடலுக்கு அக்கரைக்காரர். பினாங்கில் 1879-இல் பிறந்து கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த ஊ லியன் தே, 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே பரவிக்கொண்டிருந்த பிளேக் எலித்தெள்ளு கொண்டுவரும் வகை அல்ல, நுரையீரலைத் தாக்கி மூச்சுவழி தாவும் வகை என்று அவர் சொன்னார். பஞ்சும் மென்துணியும் அடுக்கிய கவசத்தை மருத்துவர்களும் பணியாளர்களும் கட்ட வேண்டும் என்றார். அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெனி இதை ஏற்காமல், முகத்தை மூடாமலே நோயாளிகளிடம் போனார்; சில நாட்களில் அதே பிளேக்கால் இறந்தார். ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற அந்தக் கொள்ளைநோய் 1911 வசந்தத்துக்குள் அடங்கியது. முகக்கவசத்தின் வெற்றிக் கதையாக இதைச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் அரைச் சம்மதம்தான். ஊ லியன் தே கவசத்தோடு நிற்கவில்லை. ரயில் போக்குவரத்தை நிறுத்தவைத்தார், நோயாளிகளோடு இருந்தவர்களைப் பிரித்துவைத்தார், குவிந்து கிடந்த பிணங்களை எரிக்க அனுமதி வாங்கினார். இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மெனியின் மரணமும் சான்று என்ற அளவில் ஒரே ஒரு ஆள்தான்.

எட்டாண்டு கழித்து வந்த இன்ஃபுளுவன்சா இந்தச் சந்தேகத்தை இன்னும் கூர்மையாக்கியது. 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்த காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இங்கே முகக்கவசம் பொது வழக்கமாகவே இல்லை. கையில் இருந்தது 1897-இல் பிளேக்குக்காகப் போட்ட கொள்ளைநோய்ச் சட்டம். 2020-இலும் அதே சட்டத்தைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள். கடலுக்கு அப்பால் சான் ஃபிரான்சிஸ்கோ 1918 அக்டோபரில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது, மீறியவர்களைச் சிறையிலும் போட்டது, அதை எதிர்த்து 1919 தொடக்கத்தில் ஒரு சங்கமே கிளம்பியது. பிறகு கலிஃபோர்னியா சுகாதார வாரியத்தின் கெல்லாக் கணக்குப் பார்த்தார்; சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. ஆய்வுக்கூடத்திலும் சோதித்து 1920-இல் எழுதினார்: மென்துணியின் அடுக்குகளைக் கிருமி புகாத அளவுக்குக் கூட்டினால் மூச்சு உள்ளே போவது கடினமாகிறது, காற்று ஓரங்களில் கசிகிறது, மூச்சு எளிதாகப் போகும் அளவுக்குக் குறைத்தால் கிருமியும் போகிறது. முகக்கவசத்தின் எதிரிகள் இன்றும் கெல்லாக்கை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் நிரூபித்தது அன்றைய மென்துணியின் தோல்வியைத்தான். மூச்சை அதிகம் மறிக்காமல் துகளைப் பிடிக்கும் மின்னேற்ற இழை அவர் காலத்தில் கிடையாது.

இப்போது கனமான ஆட்சேபத்துக்கு வருவோம். கொரோனா காலத்துச் சோதனைகளே முகக்கவசம் பயனற்றது என்று காட்டவில்லையா? டென்மார்க்கில் 2020-இல் நடந்த சோதனையில் கவசம் பெற்றவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது. வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். பல சோதனைகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2023 தொடக்கத்தில் வெளியிட்ட தொகுப்பாய்வும் தெளிவான பயனைக் காணவில்லை. இவற்றை ஒதுக்கிவிட முடியாது, ஆனால் என்ன சோதித்தார்கள் என்று பார்க்க வேண்டும். டென்மார்க்கில் அணிந்தவரைச் சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் அணியவில்லை; நோயாளியின் வாயில் இருக்கும் கவசம் மற்றவரைக் காக்குமா என்பதை அந்தச் சோதனை தொடவே இல்லை. காக்ரேன் தொகுத்த பெரும்பாலான சோதனைகள் அளந்தது, அணியச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை. சொல்லப்பட்டவர்கள் எல்லாரும் அணிந்தார்கள் என்பதல்ல. அந்த அமைப்பின் தலைமைப் பதிப்பாசிரியரே, கவசம் வேலை செய்யாது என்று தம் ஆய்வைப் படிப்பது தவறு என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. நம் வாழ்க்கைக்கு நெருக்கமான சோதனை வங்கதேசத்தில் நடந்தது: 600 கிராமங்கள், மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல். இலவசமாகக் கொடுத்து நினைவூட்டியதில் அணிவோர் 13 விழுக்காட்டிலிருந்து 42 ஆக உயர்ந்தார்கள். அறிகுறியோடு வந்த தொற்று, அறுவைசிகிச்சை முகக்கவசம் கொடுத்த ஊர்களில் சுமார் 11 விழுக்காடு குறைந்தது, அறுபது கடந்தவர்களிடம் 35 விழுக்காடு. வெறும் துணிக்கவசத்தால் உறுதியான பயன் தெரியவில்லை. யாருக்குக் கவசம் கொடுத்தோம் என்பது எல்லாருக்கும் தெரிந்தே நடந்த சோதனை என்ற குறை இதற்கு உண்டு. ஆனாலும் பாதிக்கும் குறைவானவர்கள் அணிந்த ஊரில் பத்தில் ஒரு பங்கு குறைவது அற்பமல்ல. அற்புதமும் அல்ல.

சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது. நம்மூரில் அதை அதிகம் பேசுவதில்லை. 2020 மேயில், தொற்றாளர்களின் வீடுகளுக்குப் போய் ஆலோசனை சொன்ன களப்பணியாளர் 62 பேர் மூன்றடுக்கு முகக்கவசமும் கையுறையும் அணிந்தே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் அவர்களில் 12 பேருக்குத் தொற்று. பிறகு முகத்தை முழுக்க மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பையும் சேர்த்து 50 பேர் ஜூன் கடைசிவரை முன்பைவிடப் பல மடங்கு வீடுகளுக்குப் போனார்கள், ஒருவருக்கும் வரவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த இந்தக் குறிப்பு முன்-பின் ஒப்பீடு மட்டுமே. இடையில் வேறு எதுவும் மாறியிருக்கலாம். எனக்கு அதன் முதல் பாதிதான் முக்கியம். நோயாளி வீட்டின் மூடிய அறையில், எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து பேசும்போது, தான் மட்டும் அணிந்த சாதாரண முகக்கவசம் போதவில்லை. இதே காலத்தில் தமிழ்நாடு, ஆந்திரத் தொடர்புத் தடமறிதலை அலசிய பெரிய ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: தொற்றாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தம் தொடர்புகளில் யாருக்கும் பரப்பியதாகத் தெரியவில்லை, பரவலின் பெரும்பகுதி சிலர் வழியாகவே நடந்தது. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒரே வண்டியில் நெருங்கி, பாதுகாப்பின்றிப் பயணித்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு வந்தது. ஆபத்து மூடிய காற்றில் இருந்தது. கடற்கரையிலோ எண்ணூர் நெடுஞ்சாலையிலோ அல்ல.

ஆனால் அபராதம் விழுந்தது தெருவில். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தை 2020 செப்டம்பரில் திருத்தி, முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய் என்று வைத்தார்கள். காற்றாடும் சாலையில் தனியாக சைக்கிளில் போனவரும் மாட்டினார். ஜன்னல் சாத்திய ஏசி அலுவலகத்தில் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு எட்டு மணி நேரம் பேசியவர் மாட்டவில்லை. ஊரடங்கிலும் நிற்காத மின் நிலையத்திலும் சுத்திகரிப்பு ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை செய்த கான்ட்ராக்ட் ஆட்களுக்கு, வெயிலில் வேர்த்து நனைந்த கவசத்தோடு மூட்டை தூக்கு என்று சொல்வது எளிதல்ல. நனைந்தால் மூச்சும் திணறும். அவர்கள் அணியாததை ஒழுங்கீனம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கு ஷிப்ட் வேனில் நல்ல கவசமும், திறந்த வெளியில் வேலை செய்கையில் அதைக் கழற்ற அனுமதியும் தேவைப்பட்டன. சட்டம் நேர்மாறாக நடந்தது.

வாயுவின் கதை வேறு. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் இன்னொரு உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் ஓடினார்கள். பலர் மருத்துவமனை சேர்ந்தார்கள். கொரோனாவில் மிஞ்சிய முகக்கவசம் அங்கே எதற்கும் ஆகாது, என்-95 உட்பட. அமோனியா நீரில் கரையும் என்பதால் ஈரத்துணி ஓடும் நேரத்துக்குச் சற்று உதவும். அதற்கு மேல் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக ஓடுவதுதான் காப்பு. ஒரு விஷயத்தில் காக்கும் பொருளை எல்லாவற்றிலும் காக்கும் என்று நம்பவைப்பதும் ஆபத்தே.

எந்தக் காப்பு முதலில் வர வேண்டும் என்ற வரிசையைத் தொழிற்சாலைச் சட்டம் 1948-இலேயே சரியாக வைத்திருந்தது. தூசியும் புகையும் கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்று என்றது 14-ஆம் பிரிவு. காற்றோட்டம் 13-ஆம் பிரிவு. நெரிசலைத் தடுக்கும் 16-ஆம் பிரிவு புதிய ஆலைகளில் தொழிலாளி ஒருவருக்கு 14.2 கன மீட்டர் இடம் கேட்டது. இனி வீடுகளைப் பாருங்கள். 2020 ஜூலையில் மாநகராட்சி நடத்திய எதிர்ப்பணு ஆய்வில் சென்னையில் ஐந்தில் ஒருவருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. தண்டையார்பேட்டை மண்டலத்தில் அது 44 விழுக்காடு, இராயபுரத்தில் 34. அந்த மண்டலங்களின் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் சமைத்து, சாப்பிட்டு, தூங்குகிறார்கள். பத்தடி உயரம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் தலைக்கு ஆறு கன மீட்டருக்கும் குறைவு. ஆலை வேலைக்காரருக்குச் சட்டம் கேட்ட இடத்தில் பாதிகூட இல்லை. சாப்பிடும் வாயிலும் தூங்கும் முகத்திலும் கவசம் நிற்காது. அங்கே வேலை செய்தவை தெருத்தெருவாக நடந்த காய்ச்சல் முகாமும், பரிசோதனையும், தொற்று உறுதியானவரை வீட்டிலிருந்து பிரித்துப் பள்ளி, கல்லூரிகளில் அமைத்த மையங்களுக்குக் கொண்டுபோன வண்டியும்தான்.