பூனாச்சி பிறந்த கதை

2016-ஆம் ஆண்டின் கடைசியில் காலச்சுவடு பதிப்பகம் ஒரு சின்ன நாவலை வெளியிட்டது: ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. எழுதியவர் பெருமாள்முருகன். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

2010-இல் வந்த அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. புத்தகத்தைக் கொளுத்தினார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டார். அதன்பிறகுதான் அந்த அறிவிப்பு. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜூலை 5-ஆம் தேதி தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. எழுத்தாளர் உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்று முடிந்தது அந்தத் தீர்ப்பு.

எழுது என்று நீதிமன்றம் சொல்லிவிடலாம். எதை எழுதுவது? நாவலின் முன்னுரையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி அதைவிடப் பயம். விலங்குகளை எழுதலாம் என்றால் அவருக்கு நன்றாகத் தெரிந்தவை ஐந்துதான். நாயும் பூனையும் கவிதைக்கு உரியவை. மாட்டையும் பன்றியையும் தொடவே கூடாது. எஞ்சியது ஆடு, அதில் செம்மறியும் வெள்ளாடும் உண்டு. அவற்றில் வெள்ளாடு பிரச்சினை இல்லாதது, சுறுசுறுப்பானது. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி மிஞ்சிய உயிர்தான் பூனாச்சி. எழுத்தாளர் ஒருவர் இப்படிக் கணக்குப் போட்டுத் தன் கதாநாயகியைத் தேட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனசு கொதிக்கிறது.

வெள்ளாடு அவருக்குப் புதிதல்ல. 2000-இல் வந்த ‘கூளமாதாரி’யில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் உலகத்தை அவர் ஏற்கனவே எழுதியிருந்தார். அந்தப் பழக்கம் ‘பூனாச்சி’யில் வரிக்கு வரி தெரிகிறது. வழியில் வந்த ஒருவன் ஒரு கிழவனிடம் கொடுத்துவிட்டுப் போகும் கறுப்புக் குட்டி பூனாச்சி, உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. தாய் இல்லை. வேறொரு ஆட்டின் மடியில் ஊட்டவிடக் கிழவனின் மனைவி படாதபாடு படுகிறாள். அந்த ஆடோ அண்டவிடுவதில்லை. ஆடு வளர்த்தவர்களுக்கு இது தெரியும். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் ஏரிக்கரைகளில் இன்றும் வெள்ளாடு மேய்ப்பவர்களைப் பார்க்கலாம். தாய் ஒதுக்கிய குட்டி என்றால் ஆட்டின் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஊட்டவிடுவார்கள். குட்டி முழங்காலை மடித்து, முட்டி முட்டிக் காம்பைத் தேடும். உதைத்துத் தள்ளினாலும் மறுபடி அதே இடத்துக்கு வரும்.

இந்த விடாப்பிடியைப் பார்க்கும்போது இன்னொரு விலங்கு நினைவுக்கு வருகிறது. 1939-இல் வந்த ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலில் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் ஓர் ஆமையை நெடுஞ்சாலையைக் கடக்கவிட்டார். லாரிக்காரன் வேண்டுமென்றே வண்டியை ஒடித்து ஏற்றப் பார்க்கிறான். ஆமை எகிறி மல்லாந்து விழுகிறது, மெல்லப் புரண்டு எழுந்து தன் வழியே போகிறது. ஓட்டில் சிக்கிய காட்டு ஓட்ஸ் விதையையும் மறுபக்கத்து மண்ணில் போட்டு மூடிவிட்டுப் போகிறது. நிலமிழந்து கலிபோர்னியாவுக்குப் புறப்பட்ட ஏழை விவசாயிகளின் விடாப்பிடிக்கு அது அடையாளமானது. பெரிய படைப்புதான். ஆனால் ஆமைக்கு ஓடு இருக்கிறது. பூனாச்சிக்கு அப்படி எதுவும் இல்லை. அரசாங்கத்திடம் பதிவு செய்து காது குத்திக்கொள்ள வேண்டும், அதற்கு வரிசையில் நிற்க வேண்டும், எங்கிருந்து வந்தாய் என்ற விசாரணைக்கு ஆளாக வேண்டும். பிறகு காதல், பிரிவு, ஒரே ஈற்றில் ஏழு குட்டி, பஞ்சம். பூனாச்சி எதையும் ஜெயிப்பதில்லை. அடுத்த வேளை இருந்தால் போதும் என்று இருக்கிறது. அந்த நேரத்தில் அந்த எழுத்தாளருக்கு எழுத முடிந்த உண்மையான விடாமுயற்சி அதுதான் என்பது என் எண்ணம். ஆமையைவிட இந்த ஆட்டை நான் அதிகம் நம்புகிறேன்.

என். கல்யாணராமன் மொழிபெயர்ப்பில் 2018-இல் ‘பூனாச்சி’ ஆங்கிலத்துக்குப் போனது. 2020-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது, மொழிபெயர்ப்புப் பிரிவின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. தமிழில் இன்னும் படிக்காதவர்கள் முதலில் ‘கூளமாதாரி’யைப் படியுங்கள், அதன்பின் ‘பூனாச்சி’யை எடுங்கள். பயம் வருவதற்கு முன்பும் பின்பும் ஒரே கை வெள்ளாட்டை எப்படி எழுதியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.