சைக்கிள் விபத்து: இழப்பீடு தாமதமானால் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது

கார் மோதிக் கீழே விழுந்த சைக்கிளோட்டிக்கு எலும்பு கூடி, கட்டும் பிரிக்கப்பட்டிருக்கும். இழப்பீடு மட்டும் வந்திருக்காது. காப்புறுதி நிறுவனத்திற்கு மின்னஞ்சல் அனுப்பினால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி பதில் வரும். மூன்று மாதம் கழித்துக் கேட்டாலும் அதே வரிதான். இப்படியே ஓராண்டு, ஈராண்டு ஓடிவிடுகிறது.

சிங்கப்பூரில் உடற்காயத்திற்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்க, பொதுவாக விபத்து நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் அவகாசம். நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதால் அந்தக் கெடு நின்றுவிடாது. ‘பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்’ என்று நம்பிக் கெடுவைத் தவறவிட்டவரிடம், அதன்பின் நிறுவனம் பேசவேண்டிய கட்டாயமே இல்லை. சைக்கிள் போன்ற பொருள் சேதத்திற்கு 6 ஆண்டு அவகாசம் உண்டு. அதை நினைத்துக் காயத்திற்கும் 6 ஆண்டு என்று எண்ணிக்கொள்வது ஆபத்து.

எங்கே சிக்கியிருக்கிறது?

விபத்தில் சிக்கிய சைக்கிளோட்டி, மோதிய காரின் காப்புறுதி நிறுவனத்திற்கு வாடிக்கையாளர் அல்லர். சந்தா கட்டியவர் காரோட்டி. சைக்கிளோட்டி ‘மூன்றாம் தரப்பு’. அவரது கோரிக்கையை விரைந்து முடிக்க நிறுவனத்திற்கு வாடிக்கையாளர் உறவு என்ற நெருக்குதல் இல்லை. எனினும், சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திற்கும் மூன்றாம் தரப்பினரின் மரணம், உடற்காயம் ஆகியவற்றுக்கான காப்புறுதி இருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்கும் உரிமை அங்கிருந்து வருகிறது.

தாமதத்திற்கான காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். காரோட்டி தம் நிறுவனத்திடம் விபத்தைப் பற்றிச் சொல்லாமலே இருந்திருக்கலாம். 24 மணி நேரத்திற்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் அவர் தெரிவிக்க வேண்டும் என்பது இங்குள்ள காப்புறுதி நடைமுறை. ஆனால் எல்லாரும் அதைச் செய்வதில்லை. அல்லது, யார்மீது தவறு என்பதில் நிறுவனம் முடிவெடுக்காமல் போக்குவரத்துக் காவல்துறையின் விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கலாம். மருத்துவ அறிக்கை வராமல் இருக்கலாம். எல்லாம் வந்தும் தொகையில் உடன்பாடு ஏற்படாமல் இருக்கலாம்.

இந்த நான்கில் எது என்று தெரியாமல் ‘எப்போது பணம் வரும்’ என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. கோரிக்கை எண்ணைக் குறிப்பிட்டு, ‘விபத்துக்கான பொறுப்பை நிறுவனம் ஏற்கிறதா, இல்லையா? இல்லையென்றால் எந்த ஆவணத்திற்காகக் காத்திருக்கிறீர்கள்? எந்தத் தேதிக்குள் பதில் தருவீர்கள்?’ என்று எழுத்தில் கேட்க வேண்டும். தொலைபேசியில் பேசினால், பேசி முடித்ததும் அதன் சாரத்தை மின்னஞ்சலில் அனுப்பி வைப்பது நல்லது. பொறுப்பு யாருடையது என்பதையும் தொகை எவ்வளவு என்பதையும் தனித்தனியே தீர்க்கலாம். காயம் ஆறும்வரை தொகையைக் கணக்கிட முடியாது என்பது நியாயம். ஆனால், பொறுப்பை ஏற்பது பற்றிய பதிலை அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பு நிறுவனம் எது என்றே தெரியாவிட்டால், வாகனப் பதிவு எண்ணை வைத்துப் பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் ஆவண நிலையத்தில் கட்டணம் செலுத்தித் தேடலாம். மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம், காப்புறுதியே இல்லாத வாகனம் என்றால் மோட்டார் காப்புறுதியாளர் செயலகத்தை அணுகலாம். அங்கே காயத்திற்கும் மரணத்திற்கும்தான் வழி உண்டு. வளைந்துபோன சைக்கிளுக்கு இல்லை. காவல்துறையில் உடனே புகார் செய்திருந்தால்தான் இந்தக் கோரிக்கைக்கு வலு இருக்கும்.

முதல் சில நாள்கள்

தாமதத்தின் விதை பல நேரங்களில் முதல் வாரத்திலேயே விழுந்துவிடுகிறது. கார்களிலும் பேருந்துகளிலும் உள்ள கேமரா பதிவுகள் சில நாள்களிலேயே அழிந்து, புதிய பதிவுகள் மேலேறிவிடும். சாட்சி சொல்ல முன்வந்தவரின் தொலைபேசி எண்ணை அன்றைக்கே வாங்காவிட்டால் பிறகு கிடைக்காது. காயம் ஏற்பட்ட விபத்தைப் பற்றி 24 மணி நேரத்திற்குள் காவல்துறையில் புகார் செய்துவிட வேண்டும். மருத்துவரிடமும் அன்றோ மறுநாளோ போய்விட வேண்டும். ‘லேசான வலிதான்’ என்று பத்து நாள் பொறுத்துப் போனால், அந்த வலி விபத்தால் வந்ததுதானா என்ற கேள்வி எழும்.

சேதமடைந்த சைக்கிளை வீசிவிடக் கூடாது. மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை, அல்லது பார்க்கத் தேவையில்லை என்று நிறுவனம் எழுத்தில் சொல்லும்வரை அது வீட்டிலேயே இருக்கட்டும். கார்பன் சட்டமுள்ள சைக்கிளில் விரிசல் வெளியே தெரியாமல் இருக்கலாம். கடைக்காரரிடம் பழுதின் விவரத்தையும் செலவையும் எழுதி வாங்குவது நல்லது. புதிய சைக்கிளின் விலை முழுவதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. விபத்துக்கு முன் அது என்ன விலை பெறும் என்பதே கணக்கு.

வருமான இழப்பைக் காட்ட மருத்துவ விடுப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, மத்திய சேம நிதி அறிக்கை ஆகியவை தேவை. மெடிசேவ் கணக்கிலிருந்து கழிக்கப்பட்ட தொகையும் செலவுதான். கையிலிருந்து கொடுத்த ரொக்கத்தை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு அதை மறப்பவர்கள் உண்டு.

கையெழுத்திடும் முன்

பல மாதம் பதிலில்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு படிவம் வரும். ‘சைக்கிளுக்கான தொகையை இப்போதே தந்துவிடுகிறோம், கையெழுத்திடுங்கள்’ என்று கேட்பார்கள். பணமுடை உள்ளவருக்கு அது ஆறுதலாக இருக்கும். அந்தப் படிவத்தில் ‘இவ்விபத்தால் எழும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தால், சைக்கிளுக்கு வாங்கிய சில நூறு வெள்ளியோடு காயத்திற்கான இழப்பீடும் முடிந்துபோகும். சைக்கிள் சேதத்திற்கு மட்டும் என்று வாசகத்தை மாற்றித் தரும்படி கேட்கலாம். மாற்ற மறுத்தால் கையெழுத்திடாமல் ஆலோசனை பெறுவதே சரி.

‘உங்கள் பக்கமும் தவறு உண்டு’ என்ற வாதத்திற்கும் தயாராக இருக்க வேண்டும். சாலையில் சைக்கிளோட்டுவோர் தலைக்கவசம் அணிவது 2019 முதல் கட்டாயம். நடைபாதையில் வேகவரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். அங்கிருந்து சாலையைக் கடக்குமுன் நின்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். இவற்றில் ஒன்றை மீறியிருந்தால் இழப்பீடு முற்றிலும் மறுக்கப்படும் என்பதில்லை. தவறின் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும். நிறுவனம் சொல்லும் விகிதம் நியாயமானதா என்று பார்க்க, அரசு நீதிமன்றங்களும் சிங்கப்பூர்ச் சட்டக் கழகமும் அமைத்துள்ள ‘மோட்டார் ஆக்சிடென்ட் கிளெய்ம்ஸ் ஆன்லைன்’ என்ற இலவச இணையச் சேவை உதவும். விபத்து நடந்த விதத்தையும் காயத்தையும் பதிந்தால், பொறுப்பின் பங்கும் தொகையும் உத்தேசமாக எவ்வளவு என்று காட்டும். அது தீர்ப்பு அல்ல. ஆனால் பேரம் பேச ஓர் அடிப்படை கிடைக்கும்.

யாரிடம் முறையிடுவது?

ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்தில் முறையிட்டுவிட்டு, அது தங்கள் எல்லைக்குள் வராது என்ற பதிலோடு திரும்புவோர் உண்டு. சொந்தக் காப்புறுதி நிறுவனத்தோடு ஏற்படும் பூசலுக்கு, அந்த நிறுவனத்திடம் முதலில் புகார் செய்தபின் அங்கு போகலாம். யாருக்கும் காயமில்லாத மோட்டார் விபத்தில் 3,000 வெள்ளிக்குக் குறைந்த சேதக் கோரிக்கையும், நீதிமன்றத்துக்கு முன் அங்குதான் போக வேண்டும். எதிர்த்தரப்பு நிறுவனத்திடம் கேட்கும் காய இழப்பீடு அங்கே வராது. அதற்கு வழக்கறிஞரின் கடிதமும், தேவைப்பட்டால் அரசு நீதிமன்றமும்தான் வழி. சாலை விபத்து வழக்குகளை மாவட்ட நீதிமன்றம் 500,000 வெள்ளிவரை விசாரிக்கும். வழக்குப் பதிவானாலே விசாரணைவரை போகும் என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலானவை பேசித் தீர்க்கப்படுகின்றன. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் மோட்டார் விபத்துச் சேதத்தை விசாரிப்பதில்லை.

தனிநபர் விபத்துக் காப்புறுதி வைத்திருப்பவர், எதிர்த்தரப்பின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தம் நிறுவனத்திடம் உடனே தெரிவிக்க வேண்டும். எத்தனை நாள்களுக்குள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும்.

இன்னொரு சைக்கிள் மோதியிருந்தால் நிலைமை கடினம். சைக்கிளுக்குக் கட்டாயக் காப்புறுதி இல்லை. மோதியவரிடமே கேட்க வேண்டியிருக்கும். அவரது வீட்டுக் காப்புறுதியில் தனிநபர் பொறுப்புக் காப்பு இருக்கிறதா என்று விசாரிப்பது பலன் தரலாம்.

வேலை நேரத்தில் விபத்து

உணவு விநியோகிக்கும் சைக்கிளோட்டிகளுக்கு 2025 ஜனவரி 1 முதல் வேறொரு வழி திறந்திருக்கிறது. செயலிவழிப் பணிபுரிவோருக்கான சட்டம் நடப்புக்கு வந்தபின், மற்ற ஊழியர்களுக்கு இணையான வேலையிடக் காய இழப்பீட்டைச் செயலி நிறுவனம் தர வேண்டும். இதில் யார்மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. விநியோகப் பணியில் இருந்தபோது காயம்பட்டார் என்பது போதும். பல செயலிகளில் ஓடுபவருக்கு, விபத்து நேரத்தில் எந்த நிறுவனத்தின் வேலையைச் செய்தாரோ அதுவே பொறுப்பு. ஆனால் எல்லா விநியோகச் செயலிகளிலும் ஈட்டிய வருமானத்தைச் சேர்த்தே இழப்பீடு கணக்கிடப்படும். ஆகவே அன்றைய ‘ஆர்டர்’ விவரத்தையும் வருமானப் பதிவுகளையும் படமெடுத்து வைப்பது அவசியம்.

தங்குவிடுதியிலிருந்து சைக்கிளில் வேலையிடத்திற்குப் போகும் வெளிநாட்டு ஊழியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தில் போகும்போது நேரும் விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு. சொந்த சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் வழியில் நேர்ந்தால் பொதுவாக இல்லை. வேலை நேரத்தில் முதலாளி அனுப்பிய காரியமாகப் போனபோது நேர்ந்தால் நிலைமை வேறு. அதனால், எங்கிருந்து எங்கே, யார் சொல்லிப் போனார் என்பதை மருத்துவரிடமும் காவல்துறையிடமும் சரியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தின்கீழ் கோரிக்கை வைக்க ஓராண்டுதான் அவகாசம். ஒரே காயத்திற்கு முதலாளியிடமும் காரோட்டியிடமும் இருமுறை இழப்பீடு பெற முடியாது என்பதால், எந்த வழி என்பதை ஆலோசனை பெற்று முடிவு செய்வது நல்லது.

மருத்துவமனை வாசலிலோ விடுதியிலோ வந்து, ‘கேஸ் ஜெயித்தால் இத்தனை விழுக்காடு கொடுத்தால் போதும்’ என்று சொல்லும் இடைத்தரகர்களிடம் ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டாம். இத்தகைய வழக்குகளில் இழப்பீட்டில் பங்கு வாங்க வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை. ‘ப்ரோ போனோ எஸ்ஜி’ நடத்தும் சமூகச் சட்ட ஆலோசனை முகாம்களில் வழக்கறிஞர் ஒருவரிடம் இலவசமாகக் கேட்கலாம். வெளிநாட்டு ஊழியர்கள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையும் நாடலாம். காவல்துறைப் புகார், மருத்துவச் சான்றுகள், நிறுவனத்தோடு நடந்த கடிதங்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, முதல் தாளில் விபத்து நடந்த தேதியையும் அதிலிருந்து 3 ஆண்டு முடியும் தேதியையும் எழுதிக்கொண்டு போனால், கிடைக்கும் சிறிது நேரத்திலேயே வேலை நடக்கும்.